ஏழுகரைப்பட்டியில் வேலை திருட்டுப் போன கதை

ஏழுகரைப்பட்டி என்று பேர்தானே தவிர, அங்கே இருப்பது ஒரே ஒரு குளத்துக் கரைதான். அதிலும் பாதியை மழை கொண்டுபோய்விட்டது. மிச்சப் பாதியில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். வெளியூர்க்காரர்கள் ஊருக்குள் போக வழி கேட்பது அவர்களிடம்தான். அப்படிக் கேட்டுக்கொண்டு போனவர்கள் யாரும் ஊர் வந்து சேர்ந்ததாகத் தகவல் இல்லை.

நாலு பேரில் மூத்தவன் கொம்பையா. யோசிக்கிற பொறுப்பு அவனுடையது. அடுத்தவன் வெயிலுமுத்து, கொம்பையா யோசித்ததில் சந்தேகம் கேட்பான். மூன்றாவது மாசானம். யார் எதைச் சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பான். கடைசி ஆள் தவசி. இது தவசிக்கு நடந்த கதை.

தவசி நல்ல உடம்புக்காரன், நல்ல மனசுக்காரன். பெரியவர்கள் சொன்ன சொல்லைத் தட்ட மாட்டான். சொன்ன சொல்லை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் செய்து முடிப்பான். கஷ்டமெல்லாம் அதில்தான் வந்தது.

அவனுக்கு ஆவுடையப்பன் மகள் வடிவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசை. ஆவுடையப்பன் ஊருக்கு வடக்கே செம்மண் நிலமான செவக்காட்டில் நிலக்கடலை போட்டிருந்தார். மனைவி காலமாகிவிட்டாள். வடிவு ஒரே மகள். ஊர் முறைக்கு அவர் தவசிக்கு மாமா. வடிவு கடலை பிடுங்கினால், செடிகள் அவளைக் கண்டதும் பயந்து தாமாகவே எழுந்து வருகிற மாதிரி இருக்கும். அவ்வளவு கைவேகம். அந்த வேகத்தைப் பார்த்துத்தான் தவசி மனசைப் பறிகொடுத்தான்.

பையன் எப்படி என்று பார்க்கலாமே என்று ஆவுடையப்பன் ஒருநாள் அவனை வேலைக்குக் கூப்பிட்டார். ஒருவனைக் கூப்பிட்டால் நாலு பேரும் வருவார்கள் என்பது அவருக்குத் தெரியாததில்லை. கடலை முற்றிப்போய் நின்றது. மேற்கே மலைப்பக்கம் மேகம் கூட ஆரம்பித்திருந்தது. கை எத்தனை இருந்தாலும் நல்லதுதான் என்று நினைத்தார்.

முதலில் தவசியைப் பார்த்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வா மாப்பிள்ளை" என்றார்.

மாப்பிள்ளை என்று வாய் தவறி வந்துவிட்டது. தவசிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இரண்டு மாட்டையும் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஒவ்வொன்றாகக் கொம்பைப் பிடித்துத் தலையைக் கிணற்றுக்குள் நீட்டி, "பாத்துக்கோ, நல்லாப் பாத்துக்கோ" என்று தண்ணீரைக் காட்டினான். காட்டிவிட்டுக் கொண்டுவந்து கட்டினான்.

மாடு நாக்கைத் தொங்கப்போட்டு நிற்பதைக் கண்டு ஆவுடையப்பன், "தண்ணி காட்டினியாடே?" என்று கேட்டார்.

"காட்டினேன் மாமா. செவலை ஒரே பார்வையில பாத்துட்டு. மயிலைக்குத்தான் ரெண்டு தரம் காட்ட வேண்டியதாப் போச்சு."

ஆவுடையப்பன் தாமே வாளியை எடுத்துக்கொண்டு போனார். போகிற போக்கில் வெயிலுமுத்துவிடம், "ஒரு எட்டு வீட்டுக்குப் போய் மம்பட்டியை எடுத்துட்டு வா" என்றார். வெயிலுமுத்து அகலமாக ஒரு எட்டு எடுத்து வைத்தான். நின்று சுற்றுமுற்றும் பார்த்தான். திரும்பி வந்துவிட்டான்.

"எங்கடே மம்பட்டி?"

"ஒரு எட்டுல உங்க வீடு வரலையே அண்ணாச்சி. நீங்க கொஞ்சம் கூடச் சொல்லியிருக்கணும்."

மாசானம், "அதுவும் சரிதான்" என்றான்.

அன்று இப்படியே பொழுது சாய்ந்தது. ஒரு செடிகூடப் பிடுங்கியாகவில்லை. சாயங்காலம் நாலு பேரும் கைகால் கழுவி, தலையைப் படிய வாரிக்கொண்டு பெண் கேட்க ஆவுடையப்பன் வீட்டுக்குப் போனார்கள். நாள் முழுதும் அவரோடு இருந்தோமே, மனுஷன் நம்மைப் புரிந்துகொண்டிருப்பார் என்பது கொம்பையாவின் கணக்கு.

புரிந்துகொண்டுதான் இருந்தார். வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: "வேலைக்கள்ளனுக்கு நான் பொண்ணைக் குடுக்க மாட்டேன். போங்கடே."

உள்ளே வடிவு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தவசிக்கு அது அழுகிற சத்தம் மாதிரிக் கேட்டது. அவன் நெஞ்சு உடைந்துபோயிற்று.

நாலு பேரும் ஊருக்குள் திரும்பினார்கள். தவசிதான் முதலில் வாயைத் திறந்தான்.

"நான் ஒருத்தர் வீட்டு ஊசியைக்கூட எடுத்ததில்லை. மாமா என்னைக் கள்ளன்னு சொல்லிட்டாரே."

"வெறும் கள்ளன்னு சொல்லலை. வேலைக்கள்ளன்னாரு" என்றான் வெயிலுமுத்து. "அது வேற சாதித் திருட்டு. என்னன்னு விசாரிக்கணும்."

விசாரிப்பதற்கு டீக்கடை சொரிமுத்துவை விட்டால் ஊரில் ஆள் இல்லை. சொரிமுத்து பழைய செய்தித்தாளில் வடை மடிக்கிறவர். மடிக்கும் முன் படித்துவிடுவார்.

"வேலைக்கள்ளனா? அதுக்கு என்னடே அர்த்தம் கேட்டு வந்திருக்கீய?" என்றார். "மட்டம் போடுதவன். கம்பி நீட்டுதவன். டிமிக்கி குடுக்கவன். சாக்குச் சொல்லுதவன். பழமொழியே இருக்குல்லா, வேலைக்கள்ளிக்குப் பிள்ளைமேல சாக்குன்னு."

நாலு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்தார்கள். கொம்பையாவின் முகம்தான் முதலில் கறுத்தது.

"கோயில் மதில் கட்டும்போது கொத்தனார் கம்பி கேட்டாரு. நாந்தான் எடுத்து நீட்டினேன்."

மாசானம் தலையைக் குனிந்துகொண்டான். "அதே மதிலுக்கு மட்டம் போட்டது நான். பலகையை வச்சு, குமிழி நடுவுல நிக்கான்னு நாந்தான் பாத்தேன்."

வெயிலுமுத்து நெற்றியில் அடித்துக்கொண்டான். "நேத்துக் கடையில போய், சாக்கு இருக்கான்னு கேட்டேன். சாக்குன்னு என் வாயாலயே சொல்லிட்டேனே."

மூவரும் தவசியைப் பார்த்தார்கள். அவன் சொரிமுத்துவிடம் திரும்பி, "டிமிக்கி எப்படி இருக்கும் அண்ணாச்சி? பெருசா, சின்னதா?" என்று கேட்டான்.

சொரிமுத்து அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளாஸ் கழுவ உள்ளே போய்விட்டார்.

"நான் கண்ணால கண்டதுகூட இல்லை" என்றான் தவசி. "எங்கிட்ட இருந்தாத்தானே ஒருத்தனுக்குக் குடுக்க முடியும்."

"அப்படின்னா நம்ம நாலு பேர்ல குத்தமே செய்யாதவன் நீ ஒருத்தன்தான்" என்று தீர்ப்புச் சொன்னான் கொம்பையா. "உம் மேல அநியாயமாப் பழி விழுந்திருக்கு. இப்பக் கேளு. கோழிக்கள்ளன் யாரு? கோழியைத் திருடுதவன். மாட்டுக்கள்ளன்? மாட்டைத் திருடுதவன். வேலைக்கள்ளன்?"

"வேலையைத் திருடுதவன்" என்றான் தவசி.

"வேலையைத் திருடி என்ன செய்ய?" என்று வெயிலுமுத்து கேட்டான். "அதைத் திங்க முடியுமா, விக்க முடியுமா?"

"அது திருடன் பாடு. நமக்கு எதுக்கு? ஆனா திருட்டு நடக்குது, அதுல சந்தேகம் இல்லை. போன வருசம் ஆவுடையப்ப அண்ணாச்சி காட்டுல எவ்வளவு வேலை கெடந்துச்சு?"

"மலையாக் கெடந்துச்சு."

"இப்ப அதுல ஒரு துண்டாவது இருக்கா?"

மூவரும் யோசித்துப் பார்த்தார்கள். இல்லை. போன வருஷத்து வேலை அத்தனையும் போன இடம் தெரியவில்லை. அதற்கு முந்தின வருஷத்து வேலையும் அப்படித்தான். இவ்வளவு பெரிய திருட்டு ஊர் நடுவில் நடந்தும் ஒருத்தரும் புகார் கொடுக்கவில்லையே என்று நினைக்க அவர்களுக்குத் திகைப்பாக இருந்தது.

"அண்ணாச்சிக்கு அந்த வயித்தெரிச்சல்" என்றான் கொம்பையா. "யாரு திருடுதான்னு தெரியாம, வாசல்ல வந்து நின்னவன் மேல பழியைப் போட்டுட்டாரு. நிசமான கள்ளனை நாம பிடிச்சுக் குடுத்தா, பொண்ணு தானா வரும்."

"அதுவும் சரிதான்" என்றான் மாசானம்.

மறுநாள் விடியும்போதே நாலு பேரும் கடலைக் காட்டில் போய் நின்றார்கள். ஆவுடையப்பன் வந்து பார்த்தார். நேற்றைய கோபம் போகவில்லை. ஆனால் மேற்கே மேகம் நேற்றைவிடக் கறுத்திருந்தது. அன்றைக்குப் பக்கத்து ஊரில் கோயில் கொடை, எல்லாரும் அங்கே போயிருந்தார்கள். வேறு ஆளும் கிடைக்காது. மழை விழுந்துவிட்டால் கடலை மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். ஒரு வருஷத்துப் பாடு போய்விடும்.

"மாமா, நாங்க வேலைக்குக் காவல் இருக்க வந்திருக்கோம்" என்று தவசி ஆரம்பித்தான்.

"ஒண்ணும் பேசாதே. பேசாமப் போய் வேலையைப் பாருங்கடே. ஒரு செடி விடாமப் பாருங்க. நான் டவுனுக்குப் போய்த் தார்ப்பாய்க்குச் சொல்லிட்டு வாரேன்."

அவர் போனதும் நாலு பேரும் காட்டை நாலாகப் பிரித்துக்கொண்டார்கள். அன்று முழுதும் வேலையைப் பார்த்தார்கள். சும்மா பார்க்கவில்லை. ஒவ்வொரு செடிக்கு முன்னாலும் குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. பேசாமல் பார்க்கச் சொல்லியிருந்ததால் ஒரு வார்த்தை பேசவில்லை. தவசிக்குக் கழுத்து வலித்தது, கண் எரிந்தது. வடிவை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்துப் பார்த்தான்.

சாயங்காலம் ஆவுடையப்பன் திரும்பி வந்தபோது காடு போட்டது போட்டபடி இருந்தது. வரப்பில் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"நாள் பூரா என்னடே செஞ்சீங்க?"

"வேலையைப் பாத்தோம் மாமா" என்றான் தவசி. களைப்பிலும் அவன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. "ஒரு செடி விடலை. நீங்க விட்டுட்டுப் போன வேலை எல்லாம் அப்படியே இருக்கு. ஒரு பொட்டுக் குறையலை. வேணும்னா சரிபாத்துக்கிடுங்க."

ஆவுடையப்பன் வரப்பில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கடலைச் செடியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் மேகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவான குரலில், "இனிமே என் காட்டுப் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது. அவ்வளவுதான்" என்றார்.

எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்ட பிறகு எட்டிப் பார்க்க முடியுமா? அதனால் மறுநாள் காலையில் நாலு பேரும் வெளியே நின்று எட்டிப் பார்க்காமல், நேராகக் காட்டுக்குள்ளேயே போய் வேலிப் பனைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள்.

அன்று ஆவுடையப்பன் வண்டி பிடிக்கப் போயிருந்தார். வடிவு இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று, தன் அத்தை முப்பிடாதியையும் கொடை முடிந்து திரும்பிய நாலைந்து பெண்களையும் கூட்டிக்கொண்டு காட்டுக்கு வந்தாள். முப்பிடாதி தன் பேரக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். வந்ததும் வடிவு பனை நிழலில் நாலு குச்சியை நட்டு, அதன்மேல் ஒரு சாக்கை விரித்துக் கட்டி, குழந்தையை அடியில் படுக்க வைத்தாள்.

பனைக்குப் பின்னாலிருந்து வெயிலுமுத்து தவசியின் கையைப் பிடித்தான்.

"பாத்தியா?"

"என்னத்தை?"

"பிள்ளைமேல சாக்கு."

சொரிமுத்து சொன்ன பழமொழி கண்முன்னால் நான்கு குச்சியில் நின்றுகொண்டிருந்தது. பிள்ளைமேல் சாக்குப் போட்டவள் வேலைக்கள்ளி. போட்டவள் வடிவு.

"இருக்காது" என்றான்.

"பொறுத்துப் பாப்போம்" என்றான் கொம்பையா.

பொறுத்துப் பார்க்க வெகுநேரம் ஆகவில்லை. பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காட்டில் இறங்கினார்கள். மேல் பாத்தியில் இருந்த வேலை முதலில் போயிற்று. அப்புறம் அதற்கடுத்த பாத்தி. எல்லாருக்கும் முன்னால் வடிவு போனாள். அவள் போன இடத்தில் வேலை துடைத்துவிட்ட மாதிரி இல்லாமல் போனது. நேற்று அவர்கள் கண் எரிய எரியப் பார்த்துக் காப்பாற்றிய வேலை அது.

"பட்டப்பகல்ல திருடுதாளே" என்றான் வெயிலுமுத்து.

"பகல்லதானே வேலை இருக்கு. அதுக்கு ராத்திரி வந்து என்ன செய்ய?" என்றான் கொம்பையா. "தவசி, மனசைத் திடப்படுத்திக்கோ. கையும் களவுமாப் பிடிக்க வேண்டியதுதான்."

"கை இருக்கு. களவு எங்கன இருக்கு?" என்று வெயிலுமுத்து கேட்டான்.

அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மாசானத்தைக் காணவில்லை. இளகிய மனசுக்காரன், கண்முன்னால் ஒருவர் சொத்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை. பிடுங்கிப் போட்ட செடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது அது இருந்த குழியைத் தேடி, பழையபடி நட்டுக்கொண்டே பெண்களுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தான்.

முப்பிடாதி தற்செயலாகத் திரும்பினாள். ஒரு பாத்தி முழுக்கப் பிடுங்கிவிட்டு வந்தவளுக்குப் பின்னால் அதே பாத்தி முழுக்கக் கடலை நின்றது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் நடுவில் குந்தி, ஒரு செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த மாசானம் கண்ணில் பட்டான்.

"ஏ மூதி, என்ன செய்யுதே?"

"திருப்பி வைக்கேன் அத்தை" என்றான் மாசானம் பணிவாக. "போலீசுக்குப் போறதுக்குள்ள திருப்பி வச்சுட்டா நல்லதுல்லா."

முப்பிடாதி கையில் இருந்த செடியாலேயே அவனை விரட்டினாள். மாசானம் பனைக்குப் பின்னால் வந்து மூச்சு வாங்கினான். அந்தச் சமயம் மலைப்பக்கம் இடி உருளுகிற சத்தம் கேட்டது.

தவசி தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தான். வடிவைப் பிடித்துக் கொடுத்தால் அவன் பேர் சுத்தமாகும். ஆனால் யாருக்காகப் பேரைச் சுத்தம் செய்ய வந்தானோ அவள் கள்ளி ஆகிவிடுவாள். பிடித்துக் கொடுக்காவிட்டால், சாயங்காலம் மாமா வந்து வெறும் காட்டைப் பார்த்து யார் திருடினது என்று கேட்பார். பெற்ற மகள் என்று தெரிந்தால் அந்த மனுஷன் என்ன ஆவார். வடிவு அடிபட்டே சாவாளோ என்று நினைக்கும்போது அவனுக்குக் கண் கலங்கியது. அவனுடைய ஆயுளில் அவ்வளவு நேரம் தொடர்ச்சியாக அவன் யோசித்ததில்லை. முடிவில் எழுந்து நின்றான்.

"நான் போய்த் திருடப் போறேன்" என்றான்.

"என்னது?"

"எப்படியும் மாமா என்னைக் கள்ளன்னு சொல்லியாச்சு. பழி எம் மேலேயே இருக்கட்டும். அவ கைக்கு ஒண்ணும் மிஞ்சாம, இருக்க வேலை பூராத்தையும் நானே திருடிடுதேன். கேட்டா, எல்லாம் நான்தான்னு சொல்லிக்கிடுதேன்."

கொம்பையா துண்டை உதறித் தலையில் கட்டினான்.

"நீ தனியாத் திருடுவே, நாங்க வேடிக்கை பாப்போமா? கூட்டுக் களவாணின்னு ஒரு சொல்லு எதுக்கு இருக்கு? எந்திரிங்கடே."

நாலு பேரும் கிழக்குக் கோடியில் போய் இறங்கினார்கள். திருட வந்தவன் நிமிர்ந்து நிற்பானா? யாரும் பார்த்துவிடாதபடி நன்றாகக் குனிந்துகொண்டார்கள். கடலை பிடுங்கவும் அப்படித்தான் குனிய வேண்டும். திருட வந்தவன் சாவகாசமாகத் திருடுவானா? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடுங்கினார்கள். திருட வந்தவன் வெற்றிலை போடவும் பீடி பற்றவைக்கவும் உட்காருவானா? தண்ணீர் குடிக்கக்கூட நிமிரவில்லை. வடிவு ஒரு பாத்தியை முடிப்பதற்குள் அவள் கைக்கு அகப்படாமல் அடுத்த பாத்தியைத் திருடிவிட வேண்டும் என்று தவசி வெறிபிடித்தவன் போலப் போனான்.

வடிவு நிமிர்ந்து பார்த்தாள். கிழக்குக் கோடியிலிருந்து நாலு முதுகுகள் செடியைச் சாய்த்துக்கொண்டு வருவது தெரிந்தது.

"அத்தை, இவங்களுக்கு என்ன வந்துட்டு?" என்றாள்.

"எதுவும் கேட்டுராதே" என்றாள் முப்பிடாதி. "கேட்டா நிப்பாட்டிருவானுக."

பிடுங்கி முடிந்ததும் வெயிலுமுத்துவுக்கு அடுத்த சந்தேகம் வந்தது. "திருட்டுப் பொருளை எங்கன ஒளிக்க? நம்ம வீட்டைத்தான் முதல்ல தேடுவாங்க."

கொம்பையா சொன்னான்: "எவனும் தேடாத இடம் ஒண்ணு இருக்கு. பறிகொடுத்தவன் வீடு. அவன் தன் வீட்டுல தேடுவானா?"

இதைவிடப் பெரிய யோசனை அவனுக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. கட்டுக் கட்டாகத் தலையில் ஏற்றி, ஆவுடையப்பன் வீட்டுக் கொட்டகைக்கே ஓட்டமாக ஓடினார்கள். பெண்கள் கட்டிக் கொடுக்கக் கொடுக்க, இவர்கள் வாங்கி வாங்கி ஓடினார்கள். தங்கள் திருட்டுக்குக் கள்ளிகளே துணை செய்வது தவசிக்கு ஆச்சரியமாக இருந்தது. கேட்க நேரமில்லை. கடைசிக் கட்டு கொட்டகைக்குள் விழவும், முதல் தூற்றல் ஓட்டின்மேல் விழவும் சரியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் மழை அடித்துப் பெய்தது.

ஆவுடையப்பன் வண்டி பிடித்துக்கொண்டு நனைந்தபடி நேராகக் காட்டுக்குத்தான் போனார். போனவர் அங்கே ஒரு செடிகூட இல்லாமல் செம்மண் மட்டும் நனைந்து கிடப்பதைக் கண்டார். காலையில் கடலையோடு நின்ற காடு. தலையில் கையை வைத்துக்கொண்டு, "களவு போச்சே, பாடுபட்டதெல்லாம் களவு போச்சே" என்று புலம்பிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தார்.

வாசலில் நாலு பேரும் வரிசையாக மழையில் நின்றார்கள். தவசி ஒரு எட்டு முன்னால் வந்தான்.

"ஆமா மாமா, களவுதான் போச்சு. எடுத்தது நான்தான். வடிவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. இவங்க மூணு பேரும் என் கூட்டாளிங்க."

ஆவுடையப்பன் தலையிலிருந்து கையை எடுத்தார். "எங்கடா வச்சிருக்கே?"

"உங்க கொட்டகையில."

அவர் கொட்டகைக் கதவைத் தள்ளினார். கூரைவரைக்கும் கடலைச் செடி, ஒரு துளி ஈரம் படாமல், வேர் நிறையக் காயோடு அடுக்கியிருந்தது. ஒரு காயைப் பறித்து உடைத்துப் பார்த்தார். வாயில் போட்டுக்கொண்டார். மென்றுகொண்டே வெளியே வந்து, நனைந்து நின்ற நாலு திருடர்களையும் பார்த்தார். திட்டுவதா, கட்டிப்பிடிப்பதா என்று அவருக்கு விளங்கவில்லை.

"இன்னைக்கு இவனுக இல்லாட்டி பாதிக் காடு முளைச்சிருக்கும் அண்ணே" என்று முப்பிடாதி உள்ளதைச் சொன்னாள். "பேய் பிடிச்ச மாதிரிப் பிடுங்கினானுக."

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். "சரிடே தவசி. நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. நீ வேலைக்கள்ளன் இல்லை."

"நான்தான் மாமா கள்ளன். சாட்சி இருக்கு" என்றான் தவசி. இந்த நேரத்தில் விட்டுக்கொடுத்தால் பழி வடிவுமேல் போய்விடுமே.

"இல்லைங்கேன். பொண்ணை உனக்கே தாரேன்."

"கள்ளனுக்குத் தர மாட்டேன்னு சொன்ன வாக்கு மாமா. பெரியவங்க வாக்கு மாறலாமா?"

ஆவுடையப்பனுக்குப் பழையபடி கோபம் ஏற ஆரம்பித்தது. "ஏ வடிவு, இவன்கூடப் பேசி என்னால ஆகாது. இந்த முழு முட்டாளையா நீ கட்டிக்கிடப் போறே?"

வடிவு கதவோரம் நின்றபடி சொன்னாள்: "முட்டாள்தான் அப்பா. ஆனா சொன்னதைச் செய்யுதாரு. ஊர்ல புத்திசாலி ஆம்பிளைக எத்தனையோ பேரு இருக்காங்க, சொன்னதைச் செய்யுதவன் ஒருத்தன் காட்டுங்க பாப்போம். இவருக்குச் சரியாச் சொல்ல ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். அதை நான் சொல்லிக்கிடுதேன்." பிறகு தவசி பக்கம் திரும்பினாள். "அத்தான், திருடுன பொருளை உடையவர் வீட்டுலயே சேத்துட்டீங்க. இனி நீங்களும் கள்ளன் இல்லை, நானும் கள்ளி இல்லை. சரிதானே?"

தவசிக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. சரி என்று தலையை ஆட்டினான். அவள் நிறுத்தச் சொல்லும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

கடலை காய்ந்து முடிந்த கையோடு கோயிலில் கல்யாணம் நடந்தது. தாலி கட்டுகிறவரை ஒரு குறையும் வரவில்லை. பக்கத்திலேயே இருந்து வடிவு ஒவ்வொன்றாகச் சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பெண் மாப்பிள்ளை மேளத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் முப்பிடாதி ஆரத்தி எடுத்தாள். நெற்றியில் பொட்டு வைத்துவிட்டு, எல்லா வீட்டிலும் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்:

"வலது காலை எடுத்து வச்சு உள்ளே வாங்க மாப்பிள்ளை."

தவசி வலது காலை எடுத்து வாசற்படிக்கு உள்ளே வைத்தான். வைத்துவிட்டு அப்படியே நின்றான். வடிவு அதற்குள் உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றார்.

"வாங்க மாப்பிள்ளை" என்றார் ஆவுடையப்பன்.

"வலது காலுக்குத்தான் உத்தரவு ஆயிருக்கு மாமா" என்றான் தவசி.

மாப்பிள்ளைத் தோழர்கள் மூவரும் வாசலிலேயே கூடிப் பேசினார்கள். இடது காலை அழைக்காதது இந்த வீட்டு வழக்கமா, அல்லது மறந்துவிட்டார்களா என்று வெயிலுமுத்து கேட்டான். அழையாத வீட்டுக்குள் ஒரு கால் போவது மரியாதை இல்லை என்றான் கொம்பையா. இடது காலுக்குத் தனியாக ஒரு ஆரத்தி எடுத்துவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். பந்தியில் சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. நாதஸ்வரக்காரர் மூச்சு விடுவதற்காக நிறுத்திவிட்டு அவரும் வந்து பார்த்தார்.

உள்ளே போன வடிவு திரும்பி வந்தாள். பார்த்ததும் புரிந்துகொண்டாள். கல்யாணக் களைப்பில், என்றும் இல்லாத அவசரத்தில், ஒரு வார்த்தையைக் கொஞ்சம் கவனிக்காமல் சொல்லிவிட்டாள்:

"ரெண்டு காலையும் எடுங்க அத்தான்."

தவசி இரண்டு காலையும் எடுத்தான். ஒரே சமயத்தில் எடுத்தான்.

மாலையோடும் பட்டு வேட்டியோடும் மாமனார் வீட்டு நடுக்கூடத்தில் அவன் வந்து விழுந்த சத்தம் பந்திவரைக்கும் கேட்டது. விழுந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, சொன்னபடி செய்த திருப்தியோடு வடிவைப் பார்த்துச் சிரித்தான்.

வாசலில் நின்ற கொம்பையா, ஓகோ, இந்த வீட்டுக்குள் போகும் முறை இதுதான் என்று தெரிந்துகொண்டான். வேட்டியை ஒதுக்கி, படியில் நின்று இரண்டு காலையும் ஒன்றாக எடுத்து உள்ளே விழுந்தான். அவன்மேல் வெயிலுமுத்து விழுந்தான். அவன்மேல் மாசானம்.

அவர்களுக்குப் பின்னால், வெளியூரிலிருந்து வந்திருந்த ஆவுடையப்பனின் தூரத்து உறவுக்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற தாசில்தார், தங்கப் பிரேம் கண்ணாடி போட்டவர், நடந்ததையெல்லாம் மரியாதையாகக் கவனித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு முறை இருக்கும், நாம் அதை மீறக் கூடாது என்பது அவருடைய கொள்கை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற தம் மனைவியிடம், "நீ பின்னாடியே வா, பையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, படியில் ஏறி நின்றார்.